ரோகிணி செத்துப்போன நட்சத்திரமா?

“என் மகள் ரோகிணியில் பிறந்தவள். ரோகிணி ஒரு சிவப்பு ராட்சத நட்சத்திரம், அது செத்துக்கொண்டிருக்கிறது, நாம் பார்ப்பது எப்போதோ அணைந்துபோனதன் ஒளி என்று ஒரு காணொளியில் கேட்டுவிட்டு அழுகிறாள். இது உண்மையா? வெடித்தால் பூமிக்கு ஆபத்தா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே மூச்சில் கேட்டாலும் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: அந்த நட்சத்திரம் இந்த நிமிடம் வானத்தில் இருக்கிறதா, அது வெடிக்குமா, நமக்கு ஏதாவது நேருமா. குழந்தை காத்திருப்பாள் என்பதால் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. வெடிக்காது. ஒன்றும் நேராது. இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு என்ன ஆதாரம் என்பதற்குத்தான் மீதி பதில்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன்; மாலை நேரங்களில் தொலைநோக்கியை வைத்துப் பொதுமக்களுக்கு வானம் காட்டும் பழக்கமும் உண்டு. நட்சத்திரங்களின் உட்புறத்தைக் கணினியில் கட்டிப் பார்க்கும் ஆராய்ச்சி என் தொழில் அன்று. அந்த ஆராய்ச்சிகளைப் படித்து வகுப்பில் விளக்கியவன் என்ற அளவில் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ரோகிணியில் பிறந்தவர்களின் குணம், பலன் என்று யாராவது கேட்டால் அது என் துறையும் அன்று, அதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒருவர் ரோகிணியில் பிறந்தார் என்றால், பிறந்த நேரத்தில் நிலவு வானப் பாதையின் 27 பாகங்களில் ரோகிணி என்ற பாகத்தில் இருந்தது என்று பொருள். அந்தப் பாகத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் பிரகாசமான நட்சத்திரத்தைத்தான் மேலைநாட்டார் அல்டெபரான் என்கிறார்கள். ரிஷபத்தின் கண் என்று படங்களில் வரைவார்களே, அதுதான்.

அதைப் பார்ப்பது எளிது. நகர வெளிச்சத்திலும் தெரியும். ஒரே கோட்டில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓரியனின் இடைவார் என்பார்கள். அந்தக் கோட்டை வடமேற்காக நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நட்சத்திரம் வரும். அது ரோகிணி. இன்னும் கொஞ்சம் நீட்டினால் கொத்தாக மின்னும் கார்த்திகை. டிசம்பர் மாலைகளில் கிழக்கே எழும். ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். மே கடைசியில் தேடாதீர்கள், அப்போது சூரியனே அதன் அருகில் இருக்கிறது. அக்னி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் குறிக்கும் நாட்கள் முடிவது சூரியன் ரோகிணிப் பாகத்தின் தொடக்கத்தில் இருக்கும்போதுதான்.

இப்போது முதல் கேள்வி. ரோகிணியின் தூரம் ஏறத்தாழ 65 ஒளியாண்டு; ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு. இதை ஊகம் என்று நினைக்க வேண்டாம். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள நட்சத்திரங்கள் தூரத்து நட்சத்திரங்களின் பின்னணியில் மிகச் சிறிதளவு ஆடுவதாகத் தெரியும். அந்த ஆட்டத்தை ஐரோப்பாவின் ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை அளந்தது. அந்த அளவீட்டை முதலில் கணித்தபோது 65, பின்னர் திருத்திக் கணித்தபோது 66, 67-ஐ ஒட்டி வந்தது. பின்னால் வந்த கையா செயற்கைக்கோள் கோடிக்கணக்கான மங்கலான நட்சத்திரங்களை அளந்திருக்கிறது. ஆனால் ரோகிணி போன்ற மிகப் பிரகாசமானவை அதன் கருவிக்குக் கண்ணைக் கூசவைப்பவை, ஆகவே பழைய எண்ணே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஓர் ஒளியாண்டு முன்பின் இருக்கலாம், பத்து இருபது தவறாது. ஆக உங்கள் மகள் இன்றிரவு பார்க்கும் ஒளி, ரோகிணியை விட்டுக் கிளம்பி அறுபத்தைந்து ஆண்டு ஆகிறது. அவளுடைய தாத்தா வயது. இதை நட்சத்திரத்தின் வாழ்நாளோடு வைத்துப் பாருங்கள். ரோகிணி பிறந்து அறுநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்பது ஒரு நல்ல மதிப்பீடு. இப்போதைய கட்டமே இன்னும் ஒரு கோடி ஆண்டு என்ற அளவில் நீடிக்கும். அந்த ஒரு கோடியில் சரியாக நாம் பார்க்காத இந்த 65 ஆண்டுக்குள் அது காணாமல் போயிருக்க வாய்ப்பு உண்டா என்றால், நடைமுறையில் இல்லை.

“நாம் பார்க்கும் நட்சத்திரங்களெல்லாம் செத்துப்போனவை” என்பது கவிதைக்கு நன்றாக இருக்கிறது, கணக்குக்கு ஒத்துவரவில்லை. வெறும் கண்ணுக்குத் தெரிபவை, வானம் முழுவதையும் சேர்த்தால், ஆறாயிரம் என்ற அளவில்தான் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆயிரம் ஒளியாண்டுக்குள் அல்லது அதைச் சற்றே தாண்டி உள்ளவை. நட்சத்திரங்களின் ஆயுளோ லட்சங்களிலும் கோடிகளிலும் எண்ணப்படுவது. அந்தக் காணொளியைச் செய்தவர் ரோகிணியையும் திருவாதிரையையும் குழப்பிக்கொண்டிருப்பார் என்பது என் சந்தேகம். இரண்டும் அருகருகே, இரண்டும் சிவந்தவை. ஆனால் திருவாதிரை வேறு ரகம்: சூரியனைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட நிறையோடு பிறந்தது, ஒருநாள் சூப்பர்நோவாவாக வெடிக்கப் போவது. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது கண்ணுக்கே தெரியும்படி மங்கியபோது, வெடிக்கப்போகிறது என்று உலகம் முழுவதும் பேச்சு. அது கக்கிய தூசிதான் அதன் ஒரு பகுதியை மறைத்தது என்று பின்னர் தெரிந்தது. திருவாதிரைக்குக்கூட, இன்னும் ஒரு லட்சம் ஆண்டுக்குள் வெடிக்கும் என்று பலர் சொல்லும் கணக்கையும் அதன் 500 முதல் 700 ஒளியாண்டுத் தூரத்தையும் வைத்துப் பார்த்தால், ஏற்கெனவே வெடித்திருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வெடித்தாலும் அந்தத் தூரத்தில் நமக்கு வேடிக்கைதான், ஆபத்து இல்லை.

இனி, சிவப்பு ராட்சதன் என்றால் என்ன. சூரியனைப் போன்ற நட்சத்திரம் தன் மையத்தில் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றி ஒளிர்கிறது. ஒரு காலத்தில் மையத்திலுள்ள ஹைட்ரஜன் தீர்ந்துபோகும். களத்து மேட்டில் உமிக் குவியலை நடுவில் பற்றவைத்தால் சில மணி நேரத்தில் நடுவே சாம்பல், அதைச் சுற்றித் தீ, அதற்கு வெளியே எரியாத உமி என்று இருக்குமே, அந்த நிலை. ரோகிணியின் மையத்தில் ஹீலியம் சாம்பலாகக் கிடக்கிறது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் எரிகிறது. உமிச் சாம்பல் ஆறிப்போகும். நட்சத்திரத்தின் சாம்பலோ தன் எடையால் மேலும் மேலும் நெருங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் சுற்றியுள்ள ஓடு முன்னைவிட மிக வேகமாக எரிகிறது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் மங்குவதற்குப் பதில் பல நூறு மடங்கு பிரகாசமாவது இதனால்தான். வெளிப்பகுதி ஊதிப் பெருக்கிறது, மேற்பரப்பு குளிர்கிறது, நிறம் ஆரஞ்சாகிறது.

இந்த இடத்தில் மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள்: உள்ளே சுருங்கினால் வெளியே ஏன் விரிய வேண்டும்? நேர்மையான பதில், அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாது என்பதுதான். சமன்பாடுகளைக் கணினியில் போட்டால் நட்சத்திரம் தவறாமல் விரிகிறது. வானத்திலும் விரிந்த நட்சத்திரங்களைப் பார்க்கிறோம். அதில் ஐயமே இல்லை. ஆனால் எந்தக் காரணத்தை முதன்மையானதாகச் சொல்வது என்பதில் இயற்பியலாளர்களுக்குள் இன்றும் வாதம் உண்டு. பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் முடித்துவிடும்போது கொஞ்சம் ஏமாற்றுகின்றன.

எவ்வளவு பெரியது என்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம், எட்டாம் வகுப்புப் பெருக்கல் போதும். ரோகிணியின் ஆரம் சூரியனைப் போல ஏறத்தாழ 44 மடங்கு. மேற்பரப்பு 44-இன் வர்க்கம், அதாவது 1,936 மடங்கு. மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,900 கெல்வின், சூரியனுடையது 5,770. ஒரு சதுர மீட்டரிலிருந்து வெளிவரும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 3,900-ஐ 5,770-ஆல் வகுத்து நான்காம் அடுக்கு எடுத்தால் 0.21. ஆக ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியனுடையதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒளிர்கிறது, ஆனால் சதுர மீட்டர்கள் அத்தனை இருக்கின்றன. 1,936-ஐ 0.21-ஆல் பெருக்குங்கள்: நானூறு சூரியன்களின் ஒளி. நேரடியாக அளந்தாலும் நானூறை ஒட்டித்தான் வருகிறது. மூன்று கோடி கிலோமீட்டர் ஆரம் என்பது சூரியனிலிருந்து புதன் கோளுக்குப் பாதி தூரம். புதனை விழுங்கிவிட்டது, பூமியை எட்டிவிட்டது என்றெல்லாம் ரோகிணியைப் பற்றிச் சொல்வது மிகை.

அந்த 44 எங்கிருந்து வந்தது? இதற்கு நிலவு உதவியது. நிலவு அவ்வப்போது ரோகிணிக்கு முன்னால் கடந்து அதை மறைக்கும். மிகச் சிறிய புள்ளியாகத் தெரியும் நட்சத்திரம் நிலவின் விளிம்பில் சட்டென மறையும்; ரோகிணி மறைய ஒரு நொடியில் நூறில் நான்கு பங்கு போல எடுத்துக்கொள்ளும். கண் அதைப் பிரித்தறியாது, வேகமான ஒளிமானி அறியும். நிலவு நகரும் வேகம் தெரியும் என்பதால் நட்சத்திரத்தின் தோற்ற அகலம் கிடைத்துவிடுகிறது: ஒரு விகலையில் (ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் வரும் ஒரு கூறு) ஐம்பதில் ஒரு பங்கு. பல தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து அளக்கும் முறையும் இதையே தருகிறது. தூரத்தோடு சேர்த்தால் ஆரம். ஆகவே தூரம், அகலம், நிறம், ஒளி ஆகிய நான்கும் கையில் அளந்தவை. இவற்றை நான் தயங்காமல் சொல்வேன்.

நிறைக்கு வந்தால் கொஞ்சம் தயங்குவேன். ரோகிணியை நெருங்கிச் சுற்றும் துணை நட்சத்திரம் எதையும் வைத்து அதை நிறுக்க முடிவதில்லை. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதன் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒரு முறை ஏறி இறங்கும் நடுக்கத்தைப் பிடித்து, நிறை சூரியனைப் போல 1.16 மடங்கு என்று கணித்தது. நான் மேலே சொன்ன வயதும் அந்தக் கணக்கில் வந்ததுதான். நல்ல முறை, ஆனால் பழைய மதிப்பீடுகள் இதற்குக் கீழேயும் மேலேயும் உண்டு. இரண்டாம் தசம எண்ணை நான் சத்தியம் செய்ய மாட்டேன். எந்தக் கணக்கை எடுத்தாலும் சூரியனைப் போல எட்டு மடங்கு என்ற எல்லையின் பக்கத்தில்கூட அது வருவதில்லை. அந்த எல்லைக்கு மேலே பிறந்தவைதான் மையம் சரிந்து வெடிக்கும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு “வெடிக்காது” என்று ஒரே சொல்லில் முடித்தது அதனால்தான். நிறை எவ்வளவு என்ற சந்தேகம் அந்தப் பதிலைத் தொடுவதில்லை. இந்த நிறையை அந்தப் பெரிய கன அளவில் பரப்பினால், அதன் சராசரி அடர்த்தி நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் அறுபதில் ஒரு பங்கு போலத்தான் வரும் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். ராட்சதன் என்ற சொல்லின் பயம் கொஞ்சம் குறையலாம்.

வெடிக்காமல் என்ன ஆகும்? ஹீலியச் சாம்பல் சேரச் சேர ரோகிணி இன்னும் பெருத்து, சூரியனைப் போல இரண்டாயிரம் மடங்கு ஒளியை நெருங்கும். மைய வெப்பம் பத்துக் கோடி டிகிரியை எட்டும்போது ஹீலியமே திடீரெனப் பற்றிக்கொண்டு கார்பனாக மாறத் தொடங்கும். உள்ளே மிகப் பெரிய பொறி. ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் மையத்தைத் தளர்த்துவதிலேயே செலவாகிவிடும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெடிப்பு எதுவும் தெரியாது. அதன் பிறகு ரோகிணி சுருங்கி, இப்போதைவிட மங்கலாகி, பத்துக் கோடி ஆண்டு போல அமைதியாக இருக்கும். பின்னர் மீண்டும் ஒருமுறை பெருத்து, மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக விண்வெளியில் உதிர்த்துவிட்டு, வெண்குள்ளன் எனப்படும் பூமி அளவிலான சூடான எச்சமாக மிஞ்சும். சூரியனுக்கும் இதே பாதைதான். சூரியன் ரோகிணியின் இன்றைய நிலைக்கு வர எழுநூறு கோடி ஆண்டுக்கு மேல் இருக்கிறது. பூமியின் கடல்கள் அதற்கு வெகு முன்னரே, இன்னும் நூறு கோடி ஆண்டு போலப் போனதும், சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாவதைத் தாங்காமல் வற்றத் தொடங்கும். கடைசியில் சூரியன் பூமியை விழுங்குமா, பூமி விலகித் தப்புமா என்பது மட்டும் இன்னும் தீராத வழக்கு. சூரியன் எவ்வளவு நிறையை, எந்தக் கட்டத்தில் இழக்கும் என்பதைப் பொறுத்தது அது.

ஆபத்து என்ற மூன்றாவது கேள்விக்கு வெடிப்பை விட்டால் வேறென்ன இருக்கிறது, நெருங்கி வருமா என்பதுதான். வராது, விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. நட்சத்திரங்கள் நகர்கின்றன என்பதை மனிதர் கண்டுபிடித்ததிலேயே ரோகிணிக்குப் பங்கு உண்டு. கி.பி. 509 மார்ச் 11 அன்று ஏதென்சில் நிலவு ரோகிணியை மறைத்ததைப் பார்த்துக் குறித்துவைத்திருந்தார்கள். 1718-இல் எட்மண்ட் ஹாலி, வால்மீனால் பெயர் பெற்ற அதே ஹாலி, அந்தக் குறிப்பையும் கிரேக்கர்களின் பழைய நட்சத்திரப் பட்டியலையும் தம் கால நிலைகளோடு ஒப்பிட்டார். ரோகிணி இருந்த இடத்தில் இருந்திருந்தால் அன்று அந்தக் காட்சி அப்படி நடந்திருக்க முடியாது. ரோகிணியோடு சிரியஸ், சுவாதி ஆகியவையும் இடம் மாறியிருப்பதாக அவர் அறிவித்தார். ‘நிலைத்த விண்மீன்’ என்ற எண்ணம் அங்கே ஆட்டம் கண்டது. இன்று நிறமாலையிலிருந்து அதன் வேகம் தெரியும்: நம்மை விட்டு நொடிக்கு 54 கிலோமீட்டர் விலகுகிறது, பக்கவாட்டில் சுமார் 19 கிலோமீட்டர். இதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், ஏறத்தாழ மூன்று லட்சத்து இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் 21 அல்லது 22 ஒளியாண்டுத் தூரத்தில் நம்மைக் கடந்திருக்கிறது. அன்று இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம் அதுவாகத்தான் இருந்தது. அவ்வளவு அருகில் வந்தபோதே எதுவும் ஆகவில்லை.

இதை எழுதும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1972-இல் ஏவப்பட்ட பயனியர் 10 விண்கலம் ரோகிணியை நோக்கிப் போகிறது, இருபது லட்சம் ஆண்டில் அங்கே சேரும் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். திசை ஏறக்குறைய சரி. ஆனால் விண்கலத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர், ரோகிணி விலகும் வேகம் 54. எப்படிச் சேரும்? ரோகிணி இன்றிருக்கும் தூரத்தைக் கடக்க அத்தனை காலம் ஆகும் என்பதே அந்த வாக்கியத்தின் பொருள்.

ரோகிணிக்குக் கோள் உண்டா என்றும் அவள் கேட்கக்கூடும். நட்சத்திரம் ஏறக்குறைய 630 நாட்களுக்கு ஒரு முறை முன்னும் பின்னும் அசைவது 1993 முதலே கவனிக்கப்பட்டிருக்கிறது; வியாழனைப் போல ஆறு மடங்குக்கும் மேற்பட்ட நிறையுள்ள கோள் அதற்குக் காரணம் என்று 2015-இல் அறிவித்தார்கள். 2019-இல் வேறு ஆய்வாளர்கள் கூடுதல் தரவுகளைப் பார்த்து, அசைவு ஒழுங்காக இல்லை, கோள் என்று உறுதி கூற முடியாது என்றார்கள். இத்தகைய பெரிய நட்சத்திரங்களின் மேற்பரப்பே கொதித்துக் குமுறி, கோளைப் போன்ற அசைவைக் காட்டக்கூடும். நான் இப்போதைக்கு “இருக்கலாம்” என்ற பக்கத்திலும் சாய மாட்டேன்.

மகளுக்குக் காட்ட நல்ல நாள் வேண்டுமென்றால், திருக்கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் இரவு. தீபத்தன்று நிலவு கார்த்திகைக் கொத்தின் பக்கம் இருக்கும். மறுநாள் ரோகிணியின் பக்கம் வந்துவிடும். நம் முன்னோர் இதைக் கவனித்தே வாழ்ந்திருக்கிறார்கள்: அகநானூற்றின் ஒரு திருமணப் பாட்டிலும், சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணத்திலும் நிலவு சகடத்தைச் சேர்ந்த நாளே மண நாள், சகடம் என்பது ரோகிணி. நிலவு இல்லாத இரவில் சாதாரண பைனாகுலரைக் கொடுங்கள். ரோகிணியைச் சுற்றி ஆங்கில ‘வி’ வடிவில் ஒரு கூட்டம் தெரியும். அவை ஒன்றாகப் பிறந்த உடன்பிறப்புகள், சுமார் 150 ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கின்றன. ரோகிணி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அன்று, பாதி வழியில் நிற்கிறது, அவ்வளவே. நிலவு ரோகிணியை நேராக மறைக்கும் தொடர் 18.6 ஆண்டுக்கு ஒரு முறை வருவது. 2015 முதல் 2018 வரை நடந்தது, அடுத்தது 2033-ஐ ஒட்டித் தொடங்கும்.

செத்துப்போன நட்சத்திரம் எப்படி இருக்கும் என்று அவள் பிடிவாதமாகக் கேட்டால், அதுவும் அதே ரிஷபத்தில் இருக்கிறது. மாட்டின் கொம்பு நுனி ஒன்றின் அருகே, 1054-இல் சீன வானியலாளர்கள் பகலிலேயே பார்த்துக் குறித்த வெடிப்பின் மிச்சமான நண்டு நெபுலா, சுமார் 6,500 ஒளியாண்டுத் தூரத்தில். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஊர் வெளிச்சத்தை விட்டு விலகி, நான்கு அங்குலத் தொலைநோக்கி ஒன்று கிடைத்தால், மங்கலான ஒரு திட்டாகப் பார்க்கலாம்.